‘ஷெரூட்’ என்ற ஆங்கிலச் சொல்

சென்ற மாதம் நம் சங்கத்தில் நூல் வழங்கிய நாளன்று, நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். அப்பெண் திருச்சிராப்பள்ளிக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் பயில்பவள். நூற்கட்டுகளை எண்ணி முடிக்கும் வரையில் காத்திருந்து, பிறகு என்னிடம் ஓர் ஐயம் கேட்டாள்: “ஐயா, எங்கள் பாடத்தில் ‘ஷெரூட்’ என்றொரு சொல் வருகிறது. அகராதியைப் பார்த்தால் அதன் மூலம் தமிழ் என்று போட்டிருக்கிறது. தமிழில் அப்படி ஒரு சொல் உண்டா? அச்சுப் பிழையாக இருக்குமோ?”

நான் வாய் திறக்குமுன் தந்தையாரே சிரித்துவிட்டார். “பிழையாவது அம்மா! சுருட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உன் தாத்தா உறையூரில் தறி போட்டிருந்த காலத்தில் நம் தெருவுக்குப் பின்தெரு முழுவதும் சுருட்டு வேலைதான்” என்றார்.

விடை அதுவே. ஆயினும், நம்மூர்த் திண்ணையில் கிடந்த சொல் ஆங்கிலேயரின் அகராதிக்குள் எவ்வாறு நுழைந்தது, நுழைந்த பின் என்ன பொருள் பெற்றது, அதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பவற்றை நூற்கட்டுகளுக்கு நடுவே நின்று விளக்க இயலவில்லை. கைத்தறியாளரும் பயிர்த்தொழிலாளரும் ஒருங்கே கூடியுள்ள நம் சங்கத்துக்கு இக்கதையில் ஒரு பங்கு உண்டு என்று கருதுவதால் இங்கு எழுதுகிறேன்.

முதலில் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். சுருள் என்பது தன்வினை. பாய் தானே சுருளும், இலை வாடிச் சுருளும். சுருட்டு என்பது பிறவினை. பாயை நாம் சுருட்டுகிறோம். உருள் உருட்டாவது போலவும், திரள் திரட்டாவது போலவும் சுருள் சுருட்டாயிற்று. இனி, வினையின் பகுதியே அவ்வினையால் ஆகிய பொருளுக்கும் பெயராய் நிற்றல் தமிழில் இயல்பு. கட்டப்பட்டது கட்டு, பூட்டுவது பூட்டு, சுருட்டப்பட்டது சுருட்டு. புகையிலை என்ற பயிரை இந்நாட்டார் கண்ணால் காண்பதற்கு முன்பே இச்சொல் இருந்தது. வெற்றிலையைச் சுருட்டினர், ஓலையைச் சுருட்டினர், நெய்த துணியைப் படைமரத்தில் சுருட்டினர். பிறர் பொருளைக் கவர்ந்து செல்வதற்கும் ‘சுருட்டிக்கொண்டு போனான்’ என்ற வழக்கு உண்டு. கூட்டுறவுச் சங்கக் கணக்கு எழுதுவோர் அறிந்த வழக்கு அது. அதனைப் பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வாயிலாகவே அது இந்தியாவுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அக்பர் இறக்கும் தறுவாயில், அவருடைய அவைக்கு அது ஒரு புதுமைப் பொருளாகக் கொண்டுவரப்பட்டது என்பது அக்கால அரசவைக் குறிப்பு. தமிழ் மக்கள் அதற்குப் பிறநாட்டுப் பெயரைக் கடன் வாங்கவில்லை. புகைக்கும் இலையாதலின் புகையிலை என்றனர். அதனைச் சுருட்டினால் சுருட்டு என்றனர். வந்த பொருள் புதிது. இட்ட பெயர் பழைய சொற்களாலேயே ஆகியது. ஆங்கிலத்திலுள்ள ‘சிகார்’ என்ற சொல்லோ ஸ்பானிய மொழியின் வழியாக வந்தது. மாயா இனத்தாரின் மொழியே அதற்கு மூலம் என்பர். ஆக, ஒரே பொருளுக்கு ஆங்கிலம் மேற்குத் திசையிலிருந்து ஒரு சொல்லையும் கிழக்குத் திசையிலிருந்து மற்றொரு சொல்லையும் பெற்றிருக்கிறது.

அக்கிழக்குச் சொல்லை எழுதி வைத்த ஆங்கிலேயருள் மிகப் பழையவர்களில் ஒருவர் தாமஸ் பௌரி என்ற கப்பல் வணிகர். 1669 முதல் 1679 வரையில் வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளில் தாம் கண்டவற்றை அவர் எழுதி வைத்திருந்தார். சோழமண்டலக் கரையின் ஏழை மக்கள் குழாயோ ஹுக்காவோ இன்றி, வெறும் இலையைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறு முனையை உதட்டில் பற்றிப் புகைக்கின்றனர் என்று அதில் குறிப்பிடுகிறார். அதனைப் போர்த்துகீசியர் ‘செரூட்டா’ என்று வழங்குகின்றனர் என்றும் சொல்கிறார். புகைக்கும் முறை இழிவானது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அதுவே ஆதி முறையாக இருக்கக்கூடும் என்றும் எண்ணினார். பின்னாளில் இலண்டன் மாநகரின் செல்வர்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்து அதே பொருளைப் பெருமையுடன் புகைக்கப் போகின்றனர் என்பதை அவர் அறியார்.

பௌரியின் குறிப்பால் இரண்டு செய்திகள் விளங்குகின்றன. சொல் ஆங்கிலேயருக்கு நேரே நம்மிடமிருந்து போகவில்லை. இடையில் போர்த்துகீசியர் இருந்தனர். இன்றும் போர்த்துகீசிய மொழியில் சுருட்டுக்குச் ‘ஷருத்து’ என்றே பெயர். ஈற்றில் நிற்கும் நம் குற்றியலுகரத்தை அவர்கள் ஏறக்குறையக் காப்பாற்றி வைத்திருக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் அதனைச் ‘செரூட்’ என்று தம் முறையில் எழுத, அவ்வெழுத்தைத் தழுவிய ஆங்கிலேயர் ஈற்றை அடியோடு விட்டுவிட்டனர். முதலெழுத்தின் ஒலி ஷகரமாய் நிற்பதற்கும் அப்பிரெஞ்சு எழுத்தே காரணம் என்று கொள்ளலாம். கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனதும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதும் அங்கத்தினர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். வெற்றிலையும் மலையாள நாட்டில் ‘வெற்றில’ என்று ஒலித்து, போர்த்துகீசியர் நாவிலே திரிந்து, ‘பீட்டல்’ என்று ஆங்கிலத்தில் ஏறியது. இவ்வாறு சென்றவற்றுள் சுருட்டுத்தான் உருவம் குறைவாகச் சிதைந்தது என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்துக்கு மட்டுமன்றி வேறு பல நாடுகளுக்கும் இச்சொல் சென்றிருக்கிறது. சிங்களத்தில் ‘சுருட்டுவ’; மலாய் மொழியில் ‘செருத்து’; இந்தியிலும் வங்காளியிலும் ‘சுருட்’. யாழ்ப்பாணத்துச் சுருட்டின் பெருமையை இலங்கைத் தமிழரைக் கேட்டால் சொல்வார்கள். பர்மாவில் அந்நாட்டார் தம் மொழியில் வேறு பெயரால் வழங்குகின்றனர். ஆனால் ஆங்கிலேயர் அதனையும் நம் சொல்லாலேயே அழைத்தனர். 1890இல் கிப்ளிங் எழுதிய ‘மாண்டலே’ என்னும் பாட்டில் பர்மியப் பெண்ணொருத்தி பெரிய வெள்ளைச் சுருட்டைப் புகைக்கிறாள். அப்பாட்டின் புகழால் மேல்நாட்டார் பலர் இச்சொல்லைப் பர்மியச் சொல் என்றே நெடுங்காலம் எண்ணிவந்தனர்.

பொருளிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. நமக்குச் சுருட்டு என்றால் எத்தகைய சுருட்டும் சுருட்டுத்தான். ஆங்கில அகராதியிலோ, இரு முனையும் நேராக வெட்டப்பட்டுத் திறந்திருப்பதுதான் ‘ஷெரூட்’. ‘சிகார்’ என்பதன் ஒரு முனை மூடியிருக்கும். அதனைக் கத்தியால் நறுக்கிய பின்னரே புகைக்க இயலும். நம்மூர்ச் சுருட்டுக்கு அத்தகைய சடங்கு எதுவும் இல்லை. எடுத்தவுடன் கொளுத்தலாம். உழவனும் படைவீரனும் ஒரு கையால் புகைத்தற்கு ஏற்ற பொருள் அது. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஒரு முரட்டுத்தன்மை ஒட்டிக்கொண்டதற்கும் அதுவே காரணம் போலும்.

இனித் திருச்சிராப்பள்ளிக்கு வருவோம். 1751ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இவ்வூருக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். ஆங்கிலேயர் தென்கரையில் கோட்டைக்குள் இருந்தனர்; பிரெஞ்சுப் படை காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவில் தங்கியது. 1752ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ழாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதி திருவரங்கத்திலேயே சரணடைந்தார். போர் முடிந்த பின்னரும் திருச்சி பெரியதொரு படைத்தளமாகவே நீடித்தது. இங்கு வந்து தங்கிப் பின் இடம் மாறிச் சென்ற வெள்ளைச் சிப்பாய்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு உறையூர்ச் சுருட்டு மலிவாகவும் காரமாகவும் கிடைத்தது. சொல் முன்பே ஆங்கிலத்தில் நுழைந்திருந்தது. அச்சொல்லின் தலையில் ‘ட்ரிச்சினாபலி’ என்ற ஊர்ப்பெயர் ஏறியது இதன் பின்னர்தான். நாளடைவில் ‘சுருட்டு’ என்ற பகுதியையும் விட்டுவிட்டு, ‘ட்ரிச்சி’ என்றாலே சுருட்டு என்னும் அளவுக்கு வந்தது.

இதற்குச் சான்று ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற அகராதி. இந்திய நாட்டு மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் கலந்த சொற்களை ஆராய்ந்து 1886இல் வெளியிடப்பட்ட நூல் அது. தொகுத்த இருவரில் பர்னல் என்பவர் நம் அண்டை ஊராகிய தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவரே. நூல் அச்சேறுமுன் 1882இல் அவர் காலமாகிவிட, யூல் என்பவர் அதனை முடித்து வெளியிட்டார். தென்னாட்டுச் சுருட்டு இரு வகை என்று அவ்வகராதி கூறுகிறது. திருச்சியில் செய்யப்படுவது ‘ட்ரிச்சி’. கோதாவரிக் கழிமுகத்தில் செய்யப்படுவது ‘லங்கா’. தெலுங்கில் லங்கா என்பது ஆற்றின் நடுவிலுள்ள தீவு. அத்தீவுகளின் வண்டல் மண்ணில் விளைந்த புகையிலை ஆதலின் அப்பெயர் பெற்றது. தமிழில் அரங்கம் என்ற சொல்லுக்கும் ஆற்றிடைக்குறை என்ற பொருள் உண்டு என்பதைத் திருவரங்கத்து அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோதாவரித் தீவின் பெயர் புகையிலைக்குப் போயிற்று. காவிரித் தீவின் பெயர் பெருமாளுக்கே நின்றுவிட்டது.

ஆங்கிலக் கதை நூல்களிலும் திருச்சிச் சுருட்டு இடம் பெற்றது. 1887இல் வெளியான கோனன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் சிதறிக்கிடந்த கரிய சாம்பலைக் கண்டே, கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். 1890இல் வந்த அடுத்த கதையிலும் அச்சாம்பலின் கருமை பேசப்படுகிறது. விளக்கம் எதுவும் ஆசிரியர் தரவில்லை. ‘ட்ரிச்சினாபலி’ என்ற பெயரைக் கண்டதும் இலண்டன் வாசகனுக்கு அது விளங்கிவிடும் என்று அவர் நம்பினார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. வின்ஸ்டன் சர்ச்சிலுக்குத் திருச்சிச் சுருட்டுத்தான் விருப்பம் என்று நம்மவர் பெருமையுடன் சொல்லும் கதை ஒன்றும் உண்டு. அது எவ்வாறாயினும் ஆகுக. சொல்லை வாழ வைத்தவர்கள் பெயர் தெரியாத சிப்பாய்களும் கப்பல்காரர்களுமே.

இவ்வளவு புகழும் ‘ட்ரிச்சினாபலி’ என்ற பெயருக்கு. ஆனால் இலை எங்கு விளைந்தது? பெரும்பகுதி திண்டுக்கல் பக்கத்தில். திருச்சியில் நடந்தது கைவேலை. திண்டுக்கல் உழவன் நாற்று விட்டு, நட்டு, கொழுந்து கிள்ளி, பக்கக் கிளைகளை ஒடித்து, இலையை முற்ற வைத்து அறுக்கிறான். அறுத்ததை வாட்டி உலர்த்தி அம்பாரமாக அடுக்குகிறான். அடுக்கிய இலை தானே சூடேறிப் புழுங்கும். சூடு மிஞ்சினால் இலை கெடும், குறைந்தால் மணம் வராது. ஆதலின் அம்பாரத்தைப் பிரித்து மேலது கீழாகவும் உள்ளது வெளியாகவும் மாற்றி அடுக்குதல் வேண்டும். இதற்குப் பாடம் செய்தல் என்று பெயர். பிள்ளைகள் கற்பதையும் பாடம் என்கிறோம். இரண்டிலும் பதம் தவறினால் முழுவதும் வீண். பின்னர் நடுநரம்பைக் கிழித்து நீக்கி, சிற்றிலையை உள்ளே வைத்து, ஓர் இலையால் அதனைக் கட்டி, பழுதில்லாத மெல்லிய இலையை மேலே சுற்ற வேண்டும். மேலிலை ஒரே சீராக அமையாவிட்டால் சுருட்டு ஒரு பக்கமாக எரியும். தறியில் இழை இழுப்பு ஒவ்வாமற்போனால் துணியில் தெரிவது போன்றதே இதுவும். உள்ளங்கையின் அழுத்தம் ஒன்றே அளவு; எண்ணிக்கைக்கே கூலி. நெசவாளருக்கு இக்கணக்கு புதிதன்று.

ஆகவே ‘ட்ரிச்சினாபலி’ என்ற பெயருக்குள் இலை வளர்த்தவனும் இல்லை. இலையைச் சுற்றியவனும் இல்லை. சரக்கு எங்குத் திரண்டு கைமாறியதோ அவ்விடத்தின் பெயரே நிலைத்தது. துணியிலும் இதுவே நடந்தது. ‘காலிக்கோ’ என்று ஆங்கிலேயர் வழங்கிய பருத்தித் துணியின் பெயர் கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயர். பின்னாளில் அப்பெயரால் விற்கப்பட்ட துணியில் எவ்வளவோ சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்யப்பட்டது. இதற்கு மாறான செய்தி ஒன்றும் உறையூரிலேயே உண்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘பெரிப்ளூஸ்’ என்னும் நூலை எழுதிய கிரேக்க வணிகர், ‘அர்கரு’ என்ற ஊரிலிருந்து ஏற்றுமதியாகும் மெல்லிய துணிகளை அவ்வூர்ப் பெயராலேயே ‘அர்கரிட்டிக்’ துணிகள் என்று குறிக்கிறார். அர்கரு என்பது உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்கூற்று சரியாயின், உறையூர்த் தறியின் பெயர் சுருட்டுக்கு வெகு காலம் முன்பே மேல்நாட்டுச் சந்தையில் வழங்கியிருக்கிறது. சரக்கு எவ்வூரில் கிடைத்ததோ அவ்வூரின் பெயரிலேயே!

பெயர் கைமாறுவதற்கு வேடிக்கையான உதாரணம் ஒன்று சொல்கிறேன். திருச்சிப் பொற்கொல்லர்கள் மெல்லிய வெள்ளி, பொற்கம்பிகளைப் பின்னிச் செய்த சங்கிலிகளை ஆங்கிலேயர் விரும்பி வாங்கினர்; அவ்வகைப் பின்னலுக்கே ‘ட்ரிச்சினாபலி’ என்று பெயரிட்டனர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ட்ரெவிடில் என்ற இடத்தில் 1774இல் ஒரு புதையல் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிச் சாட்டை ஒன்று அதில் இருந்தது. அதன் பின்னல் வேலையைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் ‘ட்ரிச்சினாபலி’ வேலை என்றே எழுதுகின்றனர். அச்சாட்டையைச் செய்த கம்மியன் திருச்சியைக் கனவிலும் கண்டிரான். பெயர் ஒருமுறை சந்தையில் இறங்கிவிட்டால் அதற்கு உரியவன் யார் என்று கேட்பாரில்லை.

இன்று உறையூரில் சுருட்டுத் தொழில் மிகவும் சுருங்கிவிட்டது. முதலில் பீடியும் சிகரெட்டும் அதனைத் தள்ளின. புகையிலை உடலுக்குப் பெருந்தீங்கு செய்வது என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டிருப்பதால், அது மீண்டும் தழைக்க வேண்டும் என்று நானும் சொல்லேன். அத்தொழிலாளரின் வேலைநேரம், விடுமுறை முதலியவற்றுக்காக 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்ப்புறங்களில் கருப்பண்ணசாமிக்கும் முனியப்பனுக்கும் படையலில் சுருட்டு வைக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. வாங்குவோரில் அவர்களுக்காக வாங்குவோரும் ஒரு பகுதி.

பெயர் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு இக்காலத்தில் சட்டம் ஒரு விடை தந்திருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரின் பெயரால் புகழ்பெற்ற பொருளை அவ்வூர் வட்டாரத்தில், உரிய முறைப்படி செய்வோரே அப்பெயரால் விற்கலாம் என்பது இதன் சாரம். காஞ்சிபுரம் பட்டு 2005இல் பதிவு பெற்றது. நம் மாவட்டத்து மணப்பாறை முறுக்கு 2023இல் பெற்றது. தனி வணிகர் ஒருவர் இப்பெயரைத் தமக்கென்று எழுதி வாங்கிக்கொள்ள இயலாது. உற்பத்தியாளர் சங்கம், கூட்டமைப்பு அல்லது சட்டப்படி அமைந்த நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டும். பொருளின் தன்மை, செய்யும் முறை, வட்டாரத்தின் எல்லை, பழைமைக்குச் சான்று ஆகியவற்றை எழுத்தில் காட்ட வேண்டும். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவான பின்னரும் ஒவ்வொரு நெசவாளரும் உழவரும் தம் பெயரை உரிமை பெற்ற உபயோகிப்பாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். பலர் இதனைச் செய்யாது விட்டுவிடுகின்றனர். அதனால் பெயர் சங்கத்தின் ஏட்டில் இருக்க, பயன் கடைக்காரருக்குப் போகிறது.

இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. பழைய விலைச்சீட்டு, ஏற்றுமதிப் பட்டியல், ஊர்ப்பெயர் அச்சிட்ட முத்திரைத்தாள், பாட்டன் காலத்துக் கணக்கேடு முதலியன எவர் வீட்டுப் பரணிலேனும் இருந்தால், கறையானுக்கு விடாமல் சங்க அலுவலகத்தில் காட்டும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐயம் கேட்ட பெண்ணின் வீட்டிலிருந்து அவளுடைய தாத்தாவின் கணக்கேடு ஒன்று நேற்று வந்து சேர்ந்தது. அதில் நெய்த புடவைகளின் எண்ணிக்கைக்கு இடையே, ‘பின்தெரு சுருட்டுக்கு’ என்று வாரந்தோறும் சில அணாக்கள் செலவெழுதியிருக்கிறது.